சீட்டின் மேல் பழி போட முடியாத ஆட்டம்

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பகுதி மன்றத்தில் வாரம் ஒரு மாலை, ஜோடி ஜோடியாக ஆடும் சீட்டாட்டமான டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆடுகிறேன். எனக்கு நல்ல சீட்டு வருவதே இல்லை. பெரும்பாலும் கடைசி இடம்தான். கூட்டாளி செய்யும் பிழையை அங்கேயே எடுத்துச் சொன்னால் எதிர் ஜோடி உடனே ஆட்ட நடுவரான டைரக்டரை அழைக்கிறது. பொழுதுபோக்குக்காக ஆடும் இடத்தில் இத்தனை சட்டம் எதற்கு?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் முதல் குறையை ஏற்க இயலாது. வீட்டுக் கூடத்தில் நால்வர் அமர்ந்து ஆடும் ரப்பர் பிரிட்ஜில் ‘சீட்டு வரவில்லை’ என்று சொல்ல இடமுண்டு. டூப்ளிகேட் முறை தோன்றியதே அந்தச் சாக்கை ஒழிப்பதற்காகத்தான். ஒரு ஆட்டத்துக்கான சீட்டுகளை வைக்கும் தட்டுதான் போர்டு. அதன் நான்கு அறைகளிலும் செருகிய 52 சீட்டுகளும் கலைக்கப்படாமல் மேஜைக்கு மேஜை செல்கின்றன. நீங்கள் வடக்கில் அமர்ந்து எடுத்த அதே 13 சீட்டுகளைத்தான் மற்ற மேஜைகளில் வடக்கில் இருப்பவர்களும் எடுக்கிறார்கள். உங்கள் ஜோடியின் புள்ளிகள் அவர்களுடைய புள்ளிகளோடுதான் ஒப்பிடப்படுகின்றன.

எட்டு மேஜைகள் நடப்பதாகக் கொள்வோம். நீங்கள் முந்தும் ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமாக வரும் ஜோடிக்கு 1 என்று கணக்கிட்டால், ஒரு போர்டில் எட்டக்கூடிய உச்சம் 14. நல்ல சீட்டெல்லாம் எதிர் ஜோடியிடம் போய்விட்டது. மற்ற ஏழு மேஜைகளிலும் வடக்கு-தெற்கு ஜோடிகள் ஏலத்தில் பேசாமல் இருந்து, எதிராளிகளை மூன்று ஸ்பேட் (ஸ்பேடைத் துருப்பாக வைத்து ஒன்பது பிடி எடுப்பதாகச் சொல்லும் ஏலம்) ஆடவிட்டு 140 புள்ளிகளை இழந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் துணிந்து நான்கு கிளாவர், அதாவது பத்து பிடி, கேட்டு, ஒரு பிடி (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்றில் பெறும் வெற்றி) குறைந்து தோற்கிறீர்கள் என்றால், வல்னரபிள் (தோற்றால் இழப்பு கூடும் நிலை) அல்லாதபோது உங்கள் இழப்பு 50தான். நீங்கள் தோற்பீர்கள் என்று எதிராளிகள் ‘டபுள்’ சொல்லி இழப்பைக் கூட்டியிருந்தாலும் 100தான். கையில் ஒன்றும் இல்லாத அந்தப் போர்டில் 14க்கு 14 உங்களுக்கே கிடைக்கிறது. மாலை முழுவதும் மோசமான சீட்டு வந்தாலும் முதலிடம் பெறலாம் என்பதுதான் இந்த ஆட்டத்தின் பெருமை. பிரிட்ஜுக்கு முன்னோடியான விஸ்ட் ஆட்டத்தில், ‘கேவண்டிஷ்’ என்ற புனைபெயரில் எழுதிய ஹென்றி ஜோன்ஸ் 1857-இல் லண்டனில் ஒரே கைகளை இரு அறைகளில் ஆடவைத்துச் சோதித்தபோது நிலைநாட்டியதும் இதைத்தான்.

உங்கள் இரண்டாவது குறை எனக்கு அதிக வருத்தம் தருகிறது. நீங்கள் மேஜையிலேயே எடுத்துச் சொல்லும் பிழை, இன்னும் அந்தப் போர்டை ஆடாத பக்கத்து மேஜையின் காதிலும் விழுகிறது. ‘ராணி கிழக்கிடம் இருந்தது தெரியவில்லையா’ என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த மேஜைக்கு அந்தப் போர்டு கெட்டுவிடும். அதற்குச் செயற்கையாக ஒரு புள்ளி போட வேண்டிய நிலை டைரக்டருக்கு வரும். ஆட்டத்தின் நடுவில் பேசினாலோ இன்னும் தவறு. ஏனெனில் கூட்டாளியின் சொல், தொனி, தயக்கம், முகபாவம் ஆகியவற்றிலிருந்து பெறும் தகவலைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. குரலின் ஏற்ற இறக்கம்கூடச் செய்தியாகிவிடக் கூடாது என்றுதான் ஏலத்தை வாயால் கேட்காமல் பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைக்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே அமர்ந்திருப்பவர் நால்வர் முன்னிலையில் குறுகிப்போகிறார். அடுத்த போர்டில் அவர் அச்சத்தோடுதான் ஆடுவார், அதன் விலையை நீங்கள் இருவருமே கொடுப்பீர்கள்.

டைரக்டரை அழைப்பதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒழுங்கு பிசகியதாக ஒருவர் சுட்டியவுடன் அவரை அழைக்க வேண்டும் என்பதே விதி. ஆடுபவர்கள் தங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டால், குரல் பெரியவருக்கே நியாயம் கிடைக்கும். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றது இதே ஜோடி ஆட்டத்தில்தான். அங்கே ஒரு சட்டம், உங்கள் மன்றத்தில் வேறொன்று என்று இருந்தால் ஒப்பீடே பொருளற்றுப் போகும்.

அடுத்த வாரம் ஆட்டம் முடிந்ததும் முடிவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு மிகக் குறைந்த புள்ளி வந்த மூன்று போர்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுநாள் கூட்டாளியோடு தனியாக அமர்ந்து, அதே சீட்டை வைத்திருந்த மற்றவர்கள் எந்தக் காண்ட்ராக்ட் (ஏலத்தில் முடிவான இலக்கு) ஆடினார்கள், எத்தனை பிடி எடுத்தார்கள் என்று பாருங்கள். முதலில் உங்கள் ஏலத்தைப் பற்றி அவர் கருத்தைக் கேளுங்கள்.