பார் மிட்ஸ்வா அழைப்பு: காலை வழிபாடா, இரவு விருந்தா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகனின் நெருங்கிய யூத நண்பனுக்கு அடுத்த மாதம் பார் மிட்ஸ்வா. சனிக்கிழமை காலை சினகாகில் (யூதர்களின் வழிபாட்டுக் கூடம்) வழிபாடு, அன்று இரவு ஹாலில் விருந்து என்று அழைப்பிதழில் இருக்கிறது. விருந்துக்கு மட்டும் போனால் போதுமா? எவ்வளவு மொய் வைப்பது? நாங்கள் சைவம்.

பதில்: காலையில் கட்டாயம் போங்கள். முகூர்த்தத்தை விட்டுவிட்டு ரிசப்ஷனுக்குத் தலைகாட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது வேண்டாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இரவை விடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 'பார்' என்றால் அராமேய மொழியில் மகன். தமிழ் பைபிளில் வரும் பர்திமேயு என்ற பெயரில் இருக்கும் அதே 'பர்'. 'மிட்ஸ்வா' என்றால் கட்டளை. எபிரேய நாள்காட்டிப்படி 13 வயது நிறைந்ததும், வேதக் கட்டளைகளுக்குப் பையன் தானே பொறுப்பாளி ஆகிறான். கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். இனி அந்தப் பத்தில் அவனும் ஓர் ஆள். விழா எடுக்காவிட்டாலும் வயது வந்தாலே இது நடந்துவிடும். விழா என்பது, அவன் முதல்முறையாகச் சபை முன் யூத வேதமான தோராவை ஓத அழைக்கப்படுவதைக் கொண்டாடுவது.

அந்த வாசிப்பு எவ்வளவு கடினம் என்பது நமக்கு எளிதில் புரியும். பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. படிப்பவர்தான் தெரிந்து படிக்க வேண்டும். தோரா சுருளும் அப்படித்தான். தோலில் கையால் எழுதியது. உயிரொலிக் குறிகள் கிடையாது, நிறுத்தக் குறிகள் கிடையாது, ராகக் குறிப்பும் கிடையாது. அந்த வாரத்துக்குரிய பகுதியைப் பையன் மாதக்கணக்கில் பாடம் செய்து, ராகத்தோடு ஓத வேண்டும். அதுவும் குரல் உடைகிற வயதில்! பல இடங்களில் அதன் பொருளைப் பற்றி அவனே சிறிய உரையும் ஆற்றுவான். உங்கள் மகன் கேட்க வேண்டியது இதைத்தான்.

வழிபாடு இரண்டு, மூன்று மணி நேரம் போகலாம். புத்தகம் வலமிருந்து இடமாகத் திறக்கும். மற்றவர்கள் எழுந்தால் எழுந்திருங்கள், அது போதும். எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கூடையில் இருக்கும் கிப்பா என்ற சிறு தொப்பியை ஆண்கள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பக்கத்தில் குஞ்சம் வைத்த சால்வைகள் தொங்கினால் அவற்றை எடுக்காதீர்கள், அவை யூதர்களுக்கு மட்டும். நீங்கள் தாராளமாகப் புடவை கட்டலாம், தோள் மூடியிருந்தால் சரி. மரபைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் சபை என்றால் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவார்கள். வாசிப்பு முடிந்ததும் சில சபைகளில் பையன்மேல் மெத்தென்ற மிட்டாய்களை வீசுவார்கள். அப்போது 'மசல் தோவ்' (வாழ்த்துகள்) என்று உரக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சனிக்கிழமை ஓய்வுநாள். போன் பைக்குள் இருக்கட்டும், போட்டோ வேண்டாம். மொய்க் கவரையும் காலையில் நீட்டாதீர்கள். மரபைக் கடைப்பிடிக்கிறவர்கள் அன்று பணத்தைத் தொட மாட்டார்கள். இரவு விருந்தில் கொடுங்கள், அல்லது முன்கூட்டியே தபாலில் அனுப்புங்கள்.

தொகை விஷயத்தில் நாம் 101, 501 என்று வைப்பதுபோல் அவர்களுக்கு 18. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. உயிர் அல்லது வாழ்வு என்று பொருள்படும் 'ஹாய்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 8-ம் 10-ம் சேர்ந்து 18. அதனால் 18-இன் மடங்காகக் கொடுப்பார்கள். மகன் மட்டும் போனால் 36 அல்லது 54 டாலர், குடும்பமாகப் போனால் 108, நெருங்கிய பழக்கம் என்றால் 180 என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. 108 நமக்கும் பிடித்த எண்தானே! பையன் பெயரிலேயே செக் எழுதுங்கள்.

சாப்பாட்டில்தான் நீங்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கோஷர் என்ற யூத உணவு முறையில் இறைச்சியும் பாலும் ஒன்றாக வராது. ஆனால் மீன் இறைச்சிக் கணக்கில் சேராது. ஆகவே 'இறைச்சி இல்லை' என்று யாராவது சொன்னால் அது சைவம் என்று அர்த்தமில்லை. காலை வழிபாட்டுக்குப் பிறகு வைக்கும் சிற்றுண்டியில் சால்மன் மீன் இருக்கலாம். ஹல்லா என்ற பின்னல் ரொட்டியிலும் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். பதில் அட்டையிலேயே 'மீன், முட்டை கூடாது' என்று விளக்கமாக எழுதிவிடுங்கள். அப்புறம், அன்பாகத்தான் என்றாலும் வீட்டில் செய்த கேசரியைக் கொண்டுபோகாதீர்கள். கோஷர் சமையலறையில் செய்யாத பண்டத்தை அவர்கள் அங்கே வைக்க முடியாமல் போகலாம், மறுப்பது அவர்களுக்கும் சங்கடம்.

இரவில் பாட்டு, வட்டமாகக் கைகோத்து ஆடும் ஹோரா, பையனை நாற்காலியோடு தூக்குவது எல்லாம் இருக்கும். தயங்காமல் வட்டத்தில் சேருங்கள். அமெரிக்காவில் பல வீடுகளில் 13 மெழுகுவத்திகள் வைத்து, ஒவ்வொன்றையும் ஏற்ற உறவினரையும் நண்பர்களையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். நெருங்கிய நண்பன் என்பதால் உங்கள் மகனையும் அழைக்கக்கூடும். அவனிடம் முன்பே சொல்லி வையுங்கள்.