டெக்சாஸ் வரலாற்றில் ஒரே ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது: மகள் நான்காம் வகுப்பு, டெக்சாஸ் வரலாற்றுப் பாடத்துக்காக 'வரலாற்றில் இன்று' என்று ஒரு நாளை எடுத்து வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டும். இதுவரை வந்த பதில்களில் பாதிப் பேர் அலமோ (1836இல் மெக்சிகோ படையிடம் டெக்சாஸ்காரர்கள் செத்து மடிந்த கோட்டை) என்கிறார்கள், மீதிப் பேர் டாலஸில் கென்னடி சுடப்பட்ட நாள் என்கிறார்கள். இரண்டும் பெரிய நாள்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வகுப்பில் இன்னும் ஏழு பிள்ளைகள் அலமோவைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். என் மகனுக்கும் இதே வேலையைக் கொடுத்தார்கள், அதனால் தெரியும்.

நீங்கள் வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே இந்தப் பாடத்தை நான்காம் வகுப்பில் ஒரு தடவை, ஏழாம் வகுப்பில் ஒரு தடவை ஊட்டிவிடுவார்கள். 1836 ஏப்ரல் 21, மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் விடுதலை வாங்கிய சான் ஹசின்டோ சண்டை, 18 நிமிடத்தில் முடிந்தது என்று என் மகன் தூக்கத்தில்கூடச் சொல்வான். 1900 செப்டம்பர் 8 கால்வெஸ்டன் புயலில் குறைந்தது 6,000 பேர் செத்தார்கள்; அப்புறம் கடற்சுவர் கட்டி, வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே மணலை நிரப்பி ஊரையே உயர்த்தினார்கள். 1865 ஜூன் 19 அன்று அதே கால்வெஸ்டனில்தான், லிங்கனின் விடுதலை அறிவிப்பு வந்து இரண்டரை வருடம் கழித்து, டெக்சாஸ் அடிமைகளுக்கு நீங்கள் இனி சுதந்திர மனிதர்கள் என்று சொன்னார்கள். எதை எடுத்தாலும் மூன்று நிமிடம் தாராளமாகப் பேசலாம்.

என் பதில் 1937 மார்ச் 18, கிழக்கு டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் கேஸ் கசிந்து வெடித்த நாள். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஹூஸ்டன் புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்திருந்தார். ஜனவரி மாதம். எனக்குச் சைனஸ் தொல்லை, மூக்கு செத்துப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வெளியே போயிருந்த நான் மதியம் அம்மாவோடு வீட்டுக்குள் நுழைந்து, பழக்கத்தில் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். "ஏலே, லைட்டைப் போட்டுறாதே!" என்று ஒரு சத்தம். நாற்பத்தி நான்கு வயதில் அம்மாவிடம் அப்படி ஒரு சத்தம் வாங்கியது அதுதான் முதல் தடவை. "முட்டை அழுகின வாடை உனக்கு வரலையா?" எனக்கு ஒன்றும் வரவில்லை.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னல்களைத் திறந்தார், அடுப்பங்கரையில் குனிந்து தரையோடு மோந்து பார்த்தார். நம் ஊர் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தங்கும். இங்கே குழாயில் வருவது மீத்தேன், மேலே ஏறும். அது அவருக்குத் தெரியாது, ஆனால் அடுத்து செய்தது சரியான வேலை. பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு கிண்ணத்தில் நுரைக்கக் கரைத்து, அடுப்புக்குப் பின்னால் கையை விட்டு, வளைகிற குழாய் சுவரோடு சேரும் இடத்தில் தடவினார். இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த நட்டுக்கு அடியிலிருந்து ஒரு குமிழி மெதுவாகப் புடைத்து, புளியங்கொட்டை அளவுக்கு வந்து உடைந்தது. உடனே இன்னொன்று.

(உடனே பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். இது செய்யக் கூடாத காரியம்தான். வாடை வந்தால் எதையும் தொடாமல் வெளியே போய், தள்ளி நின்று போன் செய்ய வேண்டும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.)

வெளியே நின்று வீட்டு ஏஜென்டுக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன் என்றார். அடுத்த வாரம்! கேஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்கு அடித்தேன், முக்கால் மணி நேரத்தில் ஆள் வந்தது. மீட்டரை மூடி, சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "இந்த நாற்றத்துக்கு நீங்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்" என்றார் அந்தப் பெரியவர். கிழக்கு டெக்சாஸ்காரர். நியூ லண்டன் என்று தேடிப் பார் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தேடிப் பார்த்தேன். ரஸ்க் கவுன்டியில் 1930இல் எண்ணெய் கிடைத்ததும் ஒன்றுமில்லாத கிராமங்கள் பணக்கார ஊர்களாகிவிட்டன. அதில் ஒன்றுதான் நியூ லண்டன், அதன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. அவ்வளவு வசதியான பள்ளி, 1937 தொடக்கத்தில் மாதம் சில நூறு டாலரை மிச்சம் பிடிக்க, காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கம்பெனிக்கு வேண்டாத மிச்ச வாயு போகும் குழாயில் இணைப்புப் போட்டுக்கொண்டது. அந்தப் பக்கத்தில் பல வீடுகள் அப்படித்தான் செய்தன, யாரும் கேட்கவில்லை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எங்கேயோ கசிந்து, கட்டடத்துக்கு அடியில் மூடிக் கிடந்த வெற்றிடம் முழுக்க நிறைந்தது. மார்ச் 18, வியாழக்கிழமை. மணி மூன்றைத் தாண்டி சில நிமிடம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயாகிவிட்டது. தச்சு வேலை வகுப்பின் ஆசிரியர் மின்சாரத்தில் ஓடும் தேய்ப்பு இயந்திரத்தைப் போட்டார். ஒரு பொறி, கட்டடமே வெடித்துச் சிதறியது.

ஏறத்தாழ 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். எண்ணெய்க் கிணற்று வேலையாட்கள் கிரேன்களோடு ஓடி வந்தார்கள். அவர்களில் பலரின் பிள்ளைகள் அந்த இடிபாட்டுக்குள்தான் இருந்தார்கள். பீச் பழக் கூடைகளில் கல்லை அள்ளி, கை மாற்றிக் கை மாற்றி, மழையில் ராத்திரி முழுக்க வேலை செய்து, 17 மணி நேரத்தில் அந்த இடத்தைத் துப்புரவாக்கினார்கள். டைலர் நகரில் மறுநாள் திறக்க இருந்த புது மருத்துவமனை, விழாவை விட்டுவிட்டு அன்றைக்கே கதவைத் திறந்தது. எண்ணெயும் வாயுவும் கிழக்கு டெக்சாஸுக்குக் கிடைத்த பெரிய வரம், அவை இல்லாவிட்டால் இந்தப் பள்ளியே இல்லை என்று எழுதியிருந்த ஒரு கரும்பலகை இடிபாட்டில் கிடைத்தது. பதவி விலக வேண்டிவந்த பள்ளிக் கண்காணிப்பாளரும் தன் மகனை அங்கேதான் இழந்தார்.

சில வாரங்களில் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது, மற்ற இடங்களும் பின்னால் வந்தன. மெர்காப்டன் என்ற கந்தகச் சரக்கு, துளியூண்டு போதும். நாற்றம் சேர்ப்பதை டெக்சாஸ் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் 1880களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கோவில்பட்டி சிலிண்டரின் வாடைக்கும் நியூ லண்டனுக்கும் நேர்க்கோடு போட முடியாது என்பதும் தெரியும். சரக்கு ஒரே குடும்பம், அவ்வளவுதான் சொல்கிறேன். அந்த வெடிப்பு நடந்த அதே வருடம்தான் டெக்சாஸில் பொறியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டமும் வந்தது. நானும் அந்தப் பதிவு எண் வைத்திருப்பவன். தேர்வுக்குப் படித்த காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன், மூன்றரை மணி நேர ஓட்டம். சாலைக்கு நடுவில் உயரமான கிரானைட் தூண், எதிரே சின்ன அருங்காட்சியகம். உயிர் பிழைத்தவர்கள் 1977 வரை ஒன்றாகக் கூடிப் பேசக்கூட இல்லையாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம கும்பகோணம் மாதிரி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் காரில் ஏறும்வரை பேசவில்லை.

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசச் சொல்கிறாயா என்று ஒரு கூட்டம் வரும். அலமோவில் என்ன பொங்கல் வைத்தார்களா? என் மகன் செத்தவர் எண்ணிக்கையைச் சொல்லவே இல்லை. கேஸுக்கு ஏன் நாற்றம் என்று ஆரம்பித்து, பாட்டியின் சோப்புக் குமிழியில் முடித்தான். ஆசிரியை நன்றாகத்தான் ரசித்தார்.

அந்த ஏஜென்ட் கதை இன்னும் முடியவில்லை. வீட்டைக் காலி செய்தபோது கம்பளத்தில் மஞ்சள் கறை என்று டெபாசிட்டில் 350 டாலர் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை அளவுகூட இல்லாத கறை. கேஸ் கசிவுக்கு ஒரு வாரம் கேட்ட ஆள், கறையைப் படம் எடுக்க மறுநாளே வந்துவிட்டார். 30 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும் என்று இங்கே சட்டம். சரியாக 29ஆம் நாள் கடிதம் போட்டார். சரி, விடுங்கள்.

ஒரே ஒரு சிக்கல்: மார்ச் 18 பல வருடம் வசந்த விடுமுறைக்குள் விழுந்துவிடும். எங்களுக்கும் விழுந்தது, ஆசிரியையிடம் கேட்டு அடுத்த திங்களுக்கு மாற்றிக்கொண்டோம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் செப்டம்பர் 12 எடுங்கள். 1958இல் டாலஸில் ஜாக் கில்பி என்ற பொறியாளர், போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ளே இருக்கிற மின்னணுச் சில்லின் (சிப்) முதல் வடிவத்தை ஓட்டிக் காட்டிய நாள். கையில் போனைப் பிடித்துக்கொண்டே பேசலாம், யாரும் சாகவில்லை.