பெர்செபோலிஸைக் கட்டியவர்கள் கூலி வாங்கினார்களா, அடிமைகளா?

“பாரசீகர்கள் கூலி கொடுத்துத்தான் பெர்செபோலிஸைக் கட்டினார்கள், பெண்களுக்குச் சம ஊதியமும் மகப்பேறு விடுப்பும் இருந்தன என்று பகிர்கிறார்களே, உண்மையா?” என்பது கேள்வி. பெர்செபோலிஸ் இன்றைய ஈரானில் இருந்த, பழைய பாரசீகப் பேரரசின் தலைநகர்களில் ஒன்று. கேள்விக்குப் பதில்: பாதி உண்மை. ஆட்களுக்குப் படியளந்த கணக்கு நம் கையில் இருக்கிறது. படி வாங்கியவர் வேண்டாமென்று வேலையை விட்டுப் போக முடிந்ததா என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை.

1933–34இல் தொல்லியலாளர் ஹெர்ஸ்ஃபெல்ட் தலைமையிலான சிகாகோ பல்கலைக்கழகக் குழு, அரண்மனை மேடையின் வடகிழக்கு மூலையில், கோட்டைச் சுவருக்குள் இருந்த அறைகளில் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளைக் கண்டெடுத்தது. பெரும்பாலானவை எலாமிய மொழியில் (தென்மேற்கு ஈரானின் பழைய மொழி), ஆப்பெழுத்தில் (களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளாக அழுத்தி எழுதுவது) எழுதப்பட்டவை. பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் ஆட்சியின் 13ஆம் ஆண்டிலிருந்து 28ஆம் ஆண்டு வரை, அதாவது கி.மு. 509–493 காலத்தவை. ரிச்சர்ட் ஹாலக் 1969இல் 2,087 ஏடுகளைப் படித்து வெளியிட்டார். இன்று இணையத்தில் சுற்றும் கதைகளில் முக்கால்வாசி அந்தப் பதிப்பிலிருந்து கிளம்பியவைதான், பல கை மாறி.

ஒரு ஏடு எப்படி இருக்கும்? உள்ளங்கைக்குள் அடங்கும் களிமண் துண்டு. முடிச்சிட்ட நூலைச் சுற்றிப் பிசைந்திருப்பார்கள். இடது ஓரத்து மூலைகளில் நூல் வெளியே வந்த துளைகள் தெரியும். வாசகம் வரவு செலவுச் சீட்டு மாதிரி: எவ்வளவு, என்ன பொருள், யார் பொறுப்பிலிருந்து, யார் வாங்கினார், எதற்கு, எந்த மாதம், எந்த ஆண்டு. கொடுத்த களஞ்சியத்தின் முத்திரை பெரும்பாலும் இடது ஓரத்தில், வாங்கியவர் முத்திரை வேறொரு பக்கத்தில். பெரிய அதிகாரி என்றால் அவர் முத்திரை ஒன்றே போதும். இந்தச் சிறு ஏடுகள் தலைமையகத்துக்குப் போய், அங்கே பெரிய ஏடுகளில் தொகுக்கப்பட்டன.

உதாரணத்துக்கு ஒரு பயணச் சீட்டு. தாரியஸின் 23ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம். அப்பதெமா என்பவர் இந்தியாவிலிருந்து (சிந்து நதிப் பகுதி மாகாணம்) பேரரசின் இன்னொரு தலைநகரான சூசாவுக்குப் போகிறார், அரசர் முத்திரையிட்ட ஆணை கையில். வழியில் 11 பார் மாவு வாங்குகிறார். அவருக்கு நாளுக்கு 7 பார், கூட வந்த 20 பேருக்கு ஆளுக்கு 2 ‘கா’. ஒரு கா ஏறக்குறைய ஒரு லிட்டர், பத்து கா ஒரு பார். 20 பேருக்கு 40 கா, அதாவது 4 பார். ஏழும் நாலும் பதினொன்று. எழுத்தர் கணக்கு சரியாக இருக்கிறது. ஏடு உடைந்திருந்தால் விடுபட்ட எண்ணை ஆய்வாளர்கள் மீட்பதும் இப்படிக் கூட்டிக் கழித்துத்தான்.

இப்போது தொழிலாளர் விஷயம். ஏடுகள் இவர்களைக் ‘குர்தாஷ்’ என்கின்றன. சாதாரண ஆணுக்கு மாதம் 3 பார் தானியம், அதாவது நாளுக்கு ஒரு லிட்டர்; பார்லி என்றால் சுமார் 600 கிராம். சாதாரணப் பெண்ணுக்கு 2 பார், சிறுவர் சிறுமியருக்கு வயதைப் பொறுத்து அரை பாரிலிருந்து. வேறு வரும்படி இல்லாவிட்டால் அரை வயிறுதான். நிர்வாகத் தலைவர் பர்னாகா நாளுக்கு வாங்கியது 180 கா மாவு, 90 கா திராட்சை மது, 2 ஆடு. அதை ஒருவரே சாப்பிட்டிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

சம ஊதியக் கதை எங்கிருந்து வந்தது? வேலைக்குழுக்களின் தலைவியருக்கு மாதம் 5 பார் தானியமும் 30 கா மதுவும் கிடைத்தன. தொழில் தெரிந்த சில பெண்கள் சாதாரண ஆணைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். இது உண்மை. ஆனால் இது பதவிக்கும் தொழிலுக்கும் கிடைத்தது, பெண்கள் எல்லோருக்கும் அல்ல. ‘மகப்பேறு விடுப்பு’ என்று பகிரப்படுவதற்கு அடியில் இருப்பது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த தனிப்படி. ஆண் பிள்ளை என்றால் மதுவோ பியரோ 10 கா, பெண் பிள்ளை என்றால் 5 கா. தானியமும் கொடுத்தால் அதிலும் இதே பாதிக்குப் பாதிதான். சமத்துவத்துக்கு இதையே சாட்சியாகக் காட்டுபவர்கள் இந்த இரண்டாம் எண்ணை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

குர்தாஷ் குழுக்களில் அயோனியர், எகிப்தியர், பாபிலோனியர், லிசியர், திரேசியர் என்று தொலைதூரத்தவர் நிறைய. விரும்பி வந்தவர்களா, பிடித்து வரப்பட்டவர்களா? படிக்கணக்கு மட்டும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் அடிமைக்கும் சாப்பாடு போட்டாக வேண்டும். சந்தையில் வாங்கி விற்கும் அடிமை என்று இவர்களைச் சொல்ல முடியாது, சுதந்திரக் கூலியாள் என்றும் சொல்ல முடியாது. அரசு நிர்வாகத்தைச் சார்ந்து வாழ்ந்த தொழிலாளர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கூடவே வரும் “சைரஸ் (பாரசீகப் பேரரசை நிறுவிய அரசர்) அடிமைமுறையை ஒழித்தார்” என்பதற்கும் ஆதாரம் இல்லை. 1879இல் பாபிலோனில் கிடைத்த, அவர் பெயரில் எழுதப்பட்ட களிமண் உருளையான சைரஸ் உருளையில் அப்படி ஒரு வரி கிடையாது. போலி மொழிபெயர்ப்பு ஒன்று உலவுகிறது.

இன்னொரு குழப்பம்: கோட்டைச் சுவரில் கிடைத்த இந்தக் கோட்டை ஏடுகள் அந்த வட்டாரம் முழுவதற்குமான உணவுக் கணக்கு, கட்டுமானக் கணக்கு அல்ல. கல்லிலும் மரத்திலும் வேலை செய்தவர்கள் தெளிவாக வருவது 1936–38இல் தொல்லியலாளர் ஷ்மிட்டின் குழு பெர்செபோலிஸ் கருவூலத்தில் எடுத்த ஏடுகளில். அவை கி.மு. 492–458 காலத்தவை. அங்கே ஆட்டுக்கும் மதுவுக்கும் பதிலாக வெள்ளி கொடுக்கிறார்கள், விலையும் எழுதியிருக்கிறார்கள்: ஒரு ஆட்டுக்கு 3 ஷெக்கெல் (வெள்ளியை நிறுக்கும் எடை அளவு), 10 கா மது ஜாடிக்கு 1 ஷெக்கெல். கூலி என்ற சொல்லுக்குக் கிட்டத்தில் வருவது இதுதான். ஆனால் இவற்றில் பெரும்பகுதி தாரியஸின் மகன் செர்க்சஸ் காலத்தவை. தாரியஸ் மேடையை எழுப்பத் தொடங்கிய ஆண்டுகளுக்கு இப்படியொரு சம்பளப் பட்டியல் கிடையாது.