ஆடி பதினெட்டில் பதினெட்டு வயது

கேள்வி: என் மகளுக்கு வரும் ஆகஸ்ட் 3 அன்று 18 வயது நிறைகிறது. இப்போதுதான் கல்லூரியில் சேர்த்தோம். ஃபீஸ், பஸ் பாஸ், துணிமணி போக என் கையில் மிச்சம் 5,000 ரூபாய். கணவர் தையல் கடை வைத்திருக்கிறார். மகளின் தோழி ஒருத்திக்குப் போன மாதம் ஹால் பிடித்து, மூன்றடுக்கு கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். அதற்குப் போய்விட்டு வந்தவள், “எனக்கு ஒண்ணும் வேணாம்மா” என்று சொல்லிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பணத்துக்குள் வித்தியாசமாக ஏதாவது செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, கடிதத்தைப் படித்த கையோடு காலண்டரைப் புரட்டினேன். இந்த வருஷம் ஆகஸ்ட் 3 என்ன நாள் தெரியுமா? ஆடி 18. பதினெட்டாம் பெருக்கு அன்று உங்கள் பெண்ணுக்குப் பதினெட்டு வயது. அதுவும் காவிரிக்கரையில் இருக்கிறீர்கள்! ஹால் பிடித்தவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

அன்று காலை அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரியும். அதனால் விடிவதற்குள் நீங்கள் மூன்று பேர் மட்டும் போய் வாருங்கள். காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் வழக்கம்போல. தண்ணீர் வேகமாகப் போனால் படியோடு நின்றுவிடுங்கள், இறங்க வேண்டாம். தோழிகளை மாலை ஐந்து மணிக்கு வீட்டு மொட்டை மாடிக்கு வரச் சொல்லுங்கள்.

கேக்குக்குப் பதில் சித்ரான்னம். இருபது பேருக்கு மூன்று கிலோ அரிசி தாராளம். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், அப்புறம் சர்க்கரைப் பொங்கல். புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்து வையுங்கள். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் விட்டு, நன்றாக ஆறிய பிறகு கலந்தால்தான் பருக்கை பருக்கையாக நிற்கும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கசக்கும். தயிர் சாதத்தில் பாலைக் கூட்டித் தயிரைக் குறையுங்கள், மாலை வரை புளிக்காது.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மாடியில் மெழுகுவத்தி நிற்காது, பேப்பர் தட்டும் நிற்காது. பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். வாழையிலையை அனலில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. ஆளுக்குப் பிடித்த சாதத்தை வைத்து நூல் சுற்றி, மேலே பெயர் எழுதிய துண்டுச்சீட்டைச் செருகுங்கள். இலை வாசம் ஏறிய சாதத்தின் ருசியே தனி. எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் அடங்கும்.

வித்தியாசமாக என்று கேட்டீர்கள் அல்லவா? அதற்கு ஒன்பது ரூபாய் போதும். தபால் ஆபீஸில் 50 காசு போஸ்ட் கார்டு 18 வாங்குங்கள். உங்கள் மகள் வளர்ந்ததைப் பார்த்த 18 பேரிடம் ஆளுக்கொன்று கொடுத்து, அவளைப் பற்றி நினைவில் நிற்கும் ஒரே ஒரு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். வாழ்த்துரை வேண்டாம், நடந்த விஷயம் வேண்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சர், பள்ளிக்கூட ஆட்டோக்காரர், பால்காரர், எதிர்வீட்டுப் பாட்டி, அத்தை, மாமா, இப்படி. கார்டில் உங்கள் கணவரின் கடை முகவரியை எழுதிக் கொடுங்கள், அவள் கண்ணில் படாது. ஜூலை பாதிக்குள் கொடுத்துவிட்டால் நேரத்துக்கு வந்து சேரும்.

கும்பகோணத்தில் என் தங்கை மகளுக்கு இதைச் செய்தோம். தெருவில் பூ விற்கும் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல என் தங்கை எழுதினாள். “நாலு வயசுல கனகாம்பரம் வேணும்னு அழுதே. அன்னைக்கு என்கிட்ட மல்லிதான் இருந்துச்சு. மறுநாள்லேர்ந்து உனக்குன்னே ஒரு முழம் கனகாம்பரம் கட்டிக் கொண்டாந்தேன். நீ முடியை வெட்டிக்கிட்டப்புறமும் கொஞ்ச நாள் கொண்டாந்தேன்.” மொத்தம் இவ்வளவுதான். அவள் அதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். இன்று அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அந்தக் கார்டு அவளுடைய சர்டிபிகேட் ஃபைலில் இருக்கிறது.

தோழிகள் ஆளுக்கொரு கார்டாகச் சத்தமாகப் படிக்கட்டும். ஆட்டம் பாட்டமெல்லாம் அவர்கள் பாடு, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குப் பதினெட்டு வயதானது 1980-ல். அப்போது ஓட்டுப் போட 21 வயதாக வேண்டும். 1989-ல்தான் அதைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். மூன்று வருஷம் காத்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான படிவம் 6-ஐ அவள் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். அக்டோபர் 1-ஐத் தகுதி நாளாக வைத்து அவள் பெயரைச் சேர்க்கலாம். மைனராக இருந்தபோது தொடங்கிய வங்கிக் கணக்கு இருந்தால், அதையும் அவள் பெயரிலேயே இயங்கும்படி மாற்ற வேண்டும், புதிதாகக் கையெழுத்து கேட்பார்கள். செலவு போக மிஞ்சுவதை அந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள், அது அவள் பணம்.

“வேணாம்மா” என்றாளே, ஃபீஸ் கட்டிய ரசீதை அவளும்தான் பார்த்திருப்பாள். கொண்டாட்டம் உண்டு என்பதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், கார்டு விஷயத்தை மட்டும் மறைத்து வையுங்கள்.

பதினெட்டாவது கார்டை உங்கள் கணவருக்கு ஒதுக்குங்கள். “எனக்கு என்ன எழுதத் தெரியும்” என்றுதான் சொல்வார். கடையில் பழைய அளவு நோட்டைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். மகளுக்கு அவர் தைத்த முதல் பாவாடையின் அளவு அதில் இருக்கும். இடுப்பு இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று அதை அப்படியே கார்டில் எழுதி, கீழே தேதியைப் போடட்டும்.