பிள்ளை பெறச் சொல்லும் அரசுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கும் மனைவிக்கும் வேலை. நான்கு வயதில் ஒரு மகள். அலுவலகம் ஆறு மணிக்கு விடும், மகள் இருக்கும் காப்பகமும் அதே ஆறு மணிக்கு மூடும். அந்த நேரத்தில் யார் ஓடுவது என்பதில்தான் எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி. இதற்கு நடுவில் செய்தியைத் திறந்தால், ஏதாவது ஒரு நாட்டு அமைச்சர் “பிள்ளை பெறுங்கள், பணம் தருகிறோம்” என்கிறார். என் அப்பா காலத்தில் பல அரசுகள் “போதும், நிறுத்துங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தன. பணம் கொடுத்தால் பிறப்பு விகிதம் தானாக ஏறும் என்று என் நண்பர் சாதிக்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. அரசு சொல்லி யாராவது பிள்ளை பெற்றிருக்கிறார்களா? அல்லது நிறுத்தியிருக்கிறார்களா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பெற்றிருக்கிறார்கள். நிறுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் நண்பர் நினைக்கிற மாதிரி நடக்கவில்லை.

முதலில் அவருக்குப் பிடிக்கக்கூடிய கதை. 2004 மே மாதம் ஆஸ்திரேலிய நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோ தன் பட்ஜெட்டில், ஜூலை 1 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 3,000 டாலர் என்று அறிவித்தார். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று பெறுங்கள் என்று அவர் சொன்னது அங்கே இன்றும் பிரபலம். அறிவிப்புக்கும் ஜூலை 1க்கும் நடுவே ஏழு வாரம்தான். அதற்குள் யாரும் புதிதாகக் கருத்தரித்துப் பெற்றுவிட முடியாது. ஆனாலும் முந்தைய முப்பது ஆண்டுகளில் வேறெந்த நாளையும்விட அந்த ஜூலை 1 அன்று அங்கே அதிகக் குழந்தைகள் பிறந்தன. பின்னால் இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஜோஷுவா கான்ஸும் ஆண்ட்ரூ லீயும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஜூனிலிருந்து ஜூலைக்குத் தள்ளிப்போயிருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். சிசேரியனுக்கும், மருந்து கொடுத்து வலி வரவழைக்கும் பிரசவத்துக்கும் தேதி குறிக்க முடியும் அல்லவா? ஜூன் 30 இரவு பதினொன்றரைக்கு வலி எடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடியே படுத்திருந்த ஒரு பெண்ணை நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்வேன். பக்கத்தில் கணவன், “இன்னும் அரை மணி நேரம்தான்” என்று சொல்லியிருப்பான், பாவி.

காசுக்குத் தேதி நகரும். எண்ணிக்கை அவ்வளவு சுலபமாக நகர்வதில்லை. ஸ்வீடனில் இதே விஷயம் இன்னும் நாசூக்காக நடந்தது. குழந்தை வளர்க்கும் விடுப்பை அம்மா, அப்பா இருவருக்கும் பொதுவாக்கிய முதல் நாடு அது, 1974இல். விடுப்புக்காலத் தொகை முன்பு வாங்கிய சம்பளத்தைப் பொறுத்தது. 1980இல் ஒரு விதி சேர்ந்தது. முதல் குழந்தை பிறந்து 24 மாதத்துக்குள் அடுத்தது பிறந்தால், நடுவில் முழு வேலைக்குத் திரும்பாவிட்டாலும் பழைய தொகையே கிடைக்கும். 1986இல் அது 30 மாதம் ஆனது. ஜனங்கள் கணக்குப் போட்டார்கள், பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி சுருங்கியது. 1990இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தை. உலகமே ஸ்வீடனைப் பார் என்றது. அப்புறம் பொருளாதாரம் சரிந்தது, வேலைகள் போயின, 1999இல் சராசரி 1.5. மந்தநிலைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளும் ஒரு காரணம். சம்பள அட்வான்ஸ் வாங்கிய மாதம் கை தாராளமாக இருக்கும், அடுத்த மாதம் கடிக்கும். அதே கதைதான்.

சரி, பணத்துக்குப் பதில் கட்டாயப்படுத்தினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1966 அக்டோபரில் ருமேனியாவின் சௌசெஸ்கு அரசு 770ஆம் எண் ஆணையைப் போட்டது. நான்கு பிள்ளை பெற்றவர்கள், 45 வயது தாண்டியவர்கள் போன்ற சிலரைத் தவிர யாருக்கும் கருக்கலைப்பு கிடையாது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காது. 1966இல் அங்கே பிறந்தவை சுமார் 2.73 லட்சம் குழந்தைகள், 1967இல் சுமார் 5.27 லட்சம். ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. எண்ணை மட்டும் பார்க்கிற ஒருவர் இதற்குக் கைதட்டியிருப்பார்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே விகிதம் இறங்கத் தொடங்கியது, 1983 வாக்கில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பெண்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வழி பெரும்பாலும் யாரோ ஒருவரின் வீட்டுச் சமையலறை. அரசு விடவில்லை. தொழிற்சாலைகளுக்கு மருத்துவர்களை அனுப்பி, வேலை செய்யும் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை நடத்தியது. 25 வயதுக்கு மேல் பிள்ளையில்லாதவர்கள் தனியாக வரி கட்டினார்கள். கள்ளக் கருக்கலைப்பில் இறந்த பெண்கள் சுமார் 10,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே வீட்டில் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார்கள். நாட்டின் பிறப்பு விகிதத்துக்காகப் போட்ட சட்டம், பிறந்த பிள்ளைகளின் அம்மாக்களைக் கொன்றது. 1989இல் அரசுக் காப்பகங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் குழந்தைகள் இருந்தார்கள். அநாதைகள் என்று அவர்களை உலகம் சொன்னது, ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள், வளர்க்க வழியில்லை. அந்த டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு முதலில் செய்த காரியங்களில் ஒன்று 770ஐ ரத்து செய்தது. அடுத்த ஆண்டே கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் தாய்மார்கள் இறக்கும் விகிதம் ஏறக்குறைய பாதியானது. 1967இல் பிறந்தவர்களுக்கு அப்போது 22 வயது. சௌசெஸ்குவுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களில் அந்த வயதுக்காரர்கள் நிறைய.

‘நிறுத்து’ என்ற பக்கத்தில் எல்லோரும் சீனாவைச் சொல்வார்கள். ஆனால் அங்கே பெரிய சரிவு ஒற்றைக் குழந்தைத் திட்டத்துக்கு முன்பே நடந்துவிட்டது. 1970இல் ஐந்தரைக்கு மேல் இருந்த சராசரி, அந்தப் பத்தாண்டின் முடிவில் மூன்றுக்கும் கீழே. ‘தாமதமாக, இடைவெளி விட்டு, குறைவாக’ என்ற பிரசாரமும் அதோடு வந்த அரசு நெருக்குதலுமே காரணம். அதன்பிறகுதான் ஒற்றைக் குழந்தை விதி. 2016இல் இரண்டு பெறலாம் என்றார்கள், 2021இல் மூன்று என்றார்கள். 2016இல் 1.78 கோடிக்கு மேல் பிறந்த இடத்தில் 2023இல் 90 லட்சம். தடையை எடுத்தால் ஆசை திரும்பி வந்துவிடும் என்று பெய்ஜிங்கில் யாரோ நம்பியிருக்கிறார்கள்.

அந்த நாட்டுப் பெற்றோரில் ஒரு வகையினருக்கு ‘ஷிது’ என்று பெயர். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். 2008 மே மாதம் சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் இடிந்து விழுந்தன. இறந்த மாணவர்களில் பலர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இரண்டு வாரம் கழித்து, ஒரே பிள்ளையை இழந்தவர்கள் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தவர்கள், அந்த அறுவைச் சிகிச்சையை மாற்றிச் செய்ய முடியுமா என்று மருத்துவமனைக்குப் போனார்கள்.

தென்கொரியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களில் ‘இரண்டே அதிகம்’ என்று பிரசாரம் செய்த நாடு, 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. ஹங்கேரியில் நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுக்க வருமான வரி இல்லை என்றார்கள். பல சலுகைகளோடு சராசரி 1.6ஐ ஒட்டி ஏறியது, 2024இல் மறுபடி 1.4க்கும் கீழே வந்துவிட்டது.

அப்படியானால் அரசு ஒன்றும் செய்ய வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். செய்ய வேண்டும். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பதில் எனக்கும் உங்கள் நண்பருக்கும் தகராறு. பின்லாந்தில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்கள், 1949இலிருந்து எல்லோருக்கும். உள்ளே குழந்தைத் துணி, போர்வை, அடியில் சின்ன மெத்தை. சாமான்களை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டியே தொட்டில். வாங்க ஒரு நிபந்தனை: கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். மருத்துவமனைப் பக்கமே போகாத பெண்கள் பெட்டிக்காகப் போனார்கள். பெட்டியைவிட அந்தப் பரிசோதனை பெரிய வேலை செய்தது என்று நினைக்கிறேன். இத்தனைக்கும் பின்லாந்தின் சராசரி 2010இல் 1.87, 2023இல் 1.26. பெட்டி தோற்றுவிட்டதா? பிறப்பு விகிதத்தை வைத்துப் பார்த்தால் ஆமாம். அதில் படுத்துத் தூங்கும் குழந்தைக்கு அந்த விகிதத்தைப் பற்றி என்ன கவலை?

உங்கள் ஆறு மணிப் பிரச்சினைக்கு வருகிறேன். ஜெர்மனியில் 2013 ஆகஸ்டிலிருந்து ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் சட்டப்படி உரிமை. மேற்கு ஜெர்மனியில் காப்பக இடங்கள் பெருகிய மாவட்டங்களில் பிறப்பும் கொஞ்சம் கூடியது என்று ஆய்வு இருக்கிறது. கூடாமல் போயிருந்தாலும் நான் அதை ஆதரித்திருப்பேன். ஸ்வீடனில் இப்போது விடுப்பில் 90 நாள் அப்பாவுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள், அவர் எடுக்காவிட்டால் வீண், அம்மாவுக்கு மாற்ற முடியாது. தென்கொரியாவிலும் அப்பாக்களுக்கு நீண்ட விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எடுத்தால் அலுவலகத்தில் முகம் சுளிப்பார்களே என்று வெகுகாலம் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவில்லை. 3,000 டாலர் கையில் கிடைத்தாலும் ஆறு மணிக்கு ஓட ஓர் ஆள் வேண்டும் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று கேட்க நினைத்தேன். உங்கள் கடிதம் வந்த நேரம் மாலை 6.10 என்று காட்டுகிறது. அன்று காப்பகத்துக்கு ஓடியது உங்கள் மனைவிதானே?