முதல் ஃபீல்டு கேம்ப்: குதிகால் கொப்புளம்

தம்பி, அடுத்த வாரம் சிங்கப்பூரின் ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தேக்கோங்கில் முதல் ஃபீல்டு கேம்ப் (வெளியில் காட்டில் தங்கிச் செய்யும் பயிற்சி), பொதி சுமந்து நடக்கும் ரூட் மார்ச்சில் வந்த குதிகால் கொப்புளம் இன்னும் ஆறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிளம்பும் முன்பே மெடிக்கிடம் (ராணுவ மருத்துவ உதவியாளர்) காட்டிவிடுங்கள். நீங்களாகக் கிள்ளிவிட வேண்டாம், சீழ் பிடித்துவிடும்.

ஒவ்வொரு ஜோடி காலுறையையும் தனித்தனி ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். அங்கே மழை சொல்லிக்கொண்டு வராது. ஷெல் ஸ்கிரேப் (படுத்து மறைந்துகொள்ளும் ஆழமில்லாத குழி) தோண்டும்போது பூட்ஸுக்குள் மண் போகும். ராத்திரி அதைத் தட்டிவிட்டு, விரலிடுக்கைத் துடைத்து, பவுடர் போட்டு, காய்ந்த காலுறையை மாட்டுங்கள். எவ்வளவு அசதியானாலும் இதை விடாதீர்கள். அங்கே பவுடர்தான் குளியல். அப்புறம், தூங்கும்போதும் துப்பாக்கி உடம்போடு இருக்கட்டும். நடுவில் வலி கூடினால் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காமல் செக்‌ஷன் கமாண்டரிடம் உடனே சொல்லுங்கள்.