உப்புக்கு எதற்கு ஆர்கானிக் விலை?

கேள்வி: மதுரை பக்கம் திருமங்கலத்தில் வசிக்கிறோம். கணவர் சம்பளத்தில் கைக்கு வருவது 52,000 ரூபாய். மகள் ஏழாம் வகுப்பு. தீபாவளியிலிருந்து அரிசி முதல் கருப்பட்டி வரை எல்லாவற்றையும் இயற்கை அங்காடியில் வாங்குகிறேன். 11,000 ரூபாயில் முடிந்த மளிகை, காய்கறிச் செலவு இப்போது 17,500 ஆகிறது. மகள் படிப்புக்காகப் போட்டுவந்த 5,000 ரூபாய் அஞ்சலக ஆர்.டி.யை மூன்று மாதமாகக் கட்டவில்லை. உடம்புக்காகச் செய்வதை வீண் செலவு என்று சொல்லலாமா?

பதில்: பாதியைத் தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் அனுப்பிய பில்லை வரி வரியாகப் படித்தேன். 'ஆர்கானிக் இந்துப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. இந்துப்பு பாறையிலிருந்து வெட்டுவது. அதற்கு யார் உரம் போட்டார்கள்? கருப்பட்டியும் அப்படித்தான். பனைமரத்தில் ஏறி மருந்து அடிப்பவரை நான் பார்த்ததில்லை. அதில் பயப்பட வேண்டியது சர்க்கரைக் கலப்படத்துக்கு. தேங்காய், வாழைப்பழம், பூசணி, சேனை, வெங்காயம் எல்லாம் ஓட்டையோ தோலையோ நீக்கிவிட்டுச் சாப்பிடுபவை. பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள். செக்கு எண்ணெய் என்பது ஆட்டிய முறையைச் சொல்கிறதே தவிர, கடலை விளைந்த முறையை அல்ல.

பில்லில் பெரிய தொகை அரிசி. தவிடு நீக்கி, களைந்து, வேகவைக்கும் வெள்ளை அரிசியில் மருந்தின் எச்சம் கணிசமாகக் குறைந்துவிடும். கைக்குத்தலுக்கு மாறினால் அப்போது யோசிக்கலாம்.

கூடுதல் காசு கொடுக்க வேண்டிய இடம் வேறு. கத்தரி, வெண்டை, காலிஃபிளவர், கீரை, பச்சை மிளகாய், திராட்சை: இவற்றைப் பூச்சியோ நோயோ ஓயாமல் தாக்குவதால் மருந்து அடிப்பார்கள், நாமும் தோலோடு சாப்பிடுகிறோம். கழுவினால் மேலே ஒட்டியது போகும், செடி உள்ளிழுத்தது போகாது. கறிவேப்பிலைக்கு மட்டும் கடையே வேண்டாம், ஒரு தொட்டி போதும். இணையத்தில் சுற்றும் 'மோசமான பன்னிரண்டு' பட்டியல் அமெரிக்கச் சந்தைக்கானது. அதில் ஸ்ட்ராபெர்ரி இருக்கும். நம் கத்தரிக்காய் இருக்காது.

பாக்கெட் பொருளில் 'ஜைவிக் பாரத்' என்ற, இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரை இல்லையென்றால் அதிக விலை கொடுக்காதீர்கள். நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. அங்கே வாயைத் திறந்து கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. அங்கே விற்பதெல்லாம் இயற்கை விளைச்சல் என்று அர்த்தமில்லை. ஆனால் நான் கத்தரி வாங்கும் அக்கா, "பத்துக் காய்க்கு இரண்டு சொத்தை இருக்கும், பார்த்து நறுக்குங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் தராசில் வைப்பார். எனக்கு அந்தப் பேச்சே முத்திரை.

கத்தரி முதல் திராட்சை வரை சொன்னவற்றுக்கு மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக ஒதுக்குங்கள். இப்போது கூடுதலாகப் போகும் 6,500-இல் மீதி 5,000. உங்கள் ஆர்.டி. தவணையும் அதேதான். 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு கட்டினால், போட்ட 3 லட்சம் சுமார் 3,56,800 ஆகும்.

ஒன்று அவசரம். தொடர்ந்து நான்கு தவணை தவறினால் அஞ்சலகம் கணக்கை நிறுத்திவிடும். அதன் பிறகு உயிர்ப்பிக்க இரண்டு மாதம்தான் அவகாசம். நீங்கள் மூன்றில் நிற்கிறீர்கள். 100 ரூபாய்க்கு 1 ரூபாய் வீதம் அபராதம் உண்டு. முழு நிலுவைக்கும் பணம் இல்லாவிட்டால், பழைய தவணை ஒன்றையாவது இந்த வாரமே கட்டிவிடுங்கள்.